இயல் 6: இணையத்திலிருந்து ஊர்ப் பாடம் – மாரிகுப்பத்தில் ஒரு செய்முறை

கோலார் தங்கவயலைப் பற்றி அறியத் தேடுபொறியில் ‘கேஜிஎஃப்’ என்று போட்டால் முதலில் வந்து நிற்பவை 2018-லும் 2022-லும் வெளிவந்த கன்னடப் படங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளினால் 2024-ல் வந்த ‘தங்கலான்’. சுரங்கமும், தொழிலாளர்களின் லைன் வீடுகளும், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடும், விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ரயிலும் அதற்கப்புறம்தான் கண்ணில் படும். ‘கேஜிஎஃப் பற்றி ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடம் எழுதிக் கொடு’ என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மொட்டையாகக் கேட்பவர், படத்துக்காகக் கற்பனை செய்த நராச்சி என்னும் சுரங்கத்தைச் சரித்திரமாக வாங்கிக்கொண்டு வர நேரலாம். தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையிலோ மாரிகுப்பத்திலோ இருக்கும் பிள்ளையின் தாத்தா உண்மையான சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். அந்தப் பிள்ளையின் கையில் சினிமாக் கதையைப் பாடமாகக் கொடுக்கக் கூடாது.

மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களுக்காக எழுதப்பட்ட இயல் இது. இணையத்தில் கிடக்கும் தகவலைப் பெரும்பாலும் தானியங்கியாகவே பாடத்தாளாக, வினாத்தாளாக, ஒலிப்பாடமாக மாற்றுவது எப்படி என்பதை மாரிகுப்பத்தை வைத்தே பார்ப்போம். வேகத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பது நம் கையில் இருக்கிறது. இயல் முழுவதும் ஒரே ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: மூல வரி இல்லாத கேள்வி எதுவும் பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது.

மாரிகுப்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தனக்கு வேண்டிய வாசிப்பைத் தானே அச்சடித்துக்கொண்ட ஊர் அது. பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே கிளை இருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள்தான் அதன் பலம். 1914-ல் அவர் மறைந்த பிறகு அவருடைய நூல்கள் பலவற்றை மாரிகுப்பத்துச் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. அவர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்கு 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபிறப்புக் கொடுத்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கூலியில் மிச்சம் பிடித்து நடத்திய அறிவு வேலை அது. இன்று நம்மிடம் அச்சகம் இல்லை. மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருக்கின்றன. அவர்கள் செய்ததில் கால்பங்காவது செய்ய அது போதும்.

மூலத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான வழிகாட்டிகள் நிரலிலிருந்து தொடங்குகின்றன. அது தலைகீழ். நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள்.

முதலில் போக வேண்டிய இடம் விக்கிப்பீடியா. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. கட்டுரையைவிட அதன் அடியிலுள்ள சான்றுகள்தான் நமக்கு முக்கியம். அங்கிருந்து பழைய நூல்களுக்குப் போகலாம். பி. எல். ரைஸ் திருத்தி எழுதி 1897-ல் வெளிவந்த மைசூர் கெசட்டியர் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கிறது. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், தமிழ் விக்கிமூலம், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஆகியவை இருக்கின்றன. ஆண்டு, ஆழம், தூரம், ஆட்களின் பிறப்பு இறப்பு போன்ற விவரங்களுக்கு விக்கித்தரவு நல்லது. அதன் தரவை யாரும் எந்த நிபந்தனையும் இல்லாமல் எடுத்தாளலாம்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியா உரையை எடுத்தால் ‘தமிழ் விக்கிப்பீடியா’ என்று தாளின் அடியில் போட வேண்டும். நீங்கள் உருவாக்கும் தாளையும் மற்றவர்கள் அதே நிபந்தனையில் எடுத்துக்கொள்ள விட வேண்டும். இந்தியச் சட்டப்படி, வாழும் காலத்தில் வெளிவந்த நூலின் உரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான். அந்தக் கணக்கில் அயோத்திதாசரின் எழுத்து எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டது. செய்தித்தாள் கட்டுரையிலிருந்து தகவலை எடுக்கலாம். வாக்கியங்களை அப்படியே அள்ளக் கூடாது.

இனி, தங்கவயலுக்கே உரிய ஒரு பொறியைப் பார்ப்போம். ‘ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரம் பெற்ற ஊர் கேஜிஎஃப்’ என்ற வரி இணையத்தில் எத்தனையோ பக்கங்களில் இருக்கிறது. நூறு பக்கங்களில் இருப்பதால் நூறு சாட்சிகள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அவை. டோக்கியோவில் 1887-லேயே மின்சார விநியோகம் தொடங்கிவிட்டது. இந்தியாவுக்குள்ளேயே டார்ஜிலிங்கின் சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897-ல் வந்தது. கொல்கத்தாவுக்கு மின்சாரம் வந்தது 1899-ல். தங்கவயலுக்கு வந்தது 1902 ஜூன் 30-ஆம் தேதி. அது காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்த மின்சாரம். அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூருக்கே 1905-ல்தான் மின்விளக்கு வந்தது. உண்மையே இவ்வளவு பெருமை தரும்போது பொய்ப் பெருமை எதற்கு? கணினியோ கூட்டத்தில் அதிகம் ஒலிப்பதைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். ‘முதல்’, ‘மிகப் பெரிய’, ‘ஒரே’ என்ற சொற்கள் வரும் வாக்கியங்களையெல்லாம் தனி நிறத்தில் காட்டும்படி நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வாக்கியங்களைக் கண்ணால் பார்த்து, வேறு மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே உள்ளே விடுங்கள்.

உரையை எடுத்து வெட்டுதல்

விக்கிப்பீடியா தன் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வாயில்) வழியாகப் படங்களும் பெட்டிகளும் இல்லாத வெறும் உரையைத் தரும். பைத்தான் தெரிந்தவருக்கு அது பத்து வரி நிரல். தெரியாதவர் கட்டுரையை நகலெடுத்துக் கூகுள் ஷீட்டில் ஒட்டி வேலையைத் தொடங்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஒரே பொருளின் தமிழ், கன்னட, ஆங்கிலக் கட்டுரைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். தங்கவயல் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோதான். அவர்களுக்கு இந்த இணைப்பு பெரிய உதவி. மூன்று மொழிக் கலைச்சொற்களையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும்.

பழைய பிடிஎஃப் கோப்புகளிலிருந்து நகலெடுத்தால் சில சமயம் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த கோப்பு அது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றிவிட்டு மேலே போங்கள். அச்சுநூலைப் படம் பிடித்த கோப்பாக இருந்தால் ஒளிவழி எழுத்துணரியில் போட வேண்டும். கூகுளின் எழுத்துணரி தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஆனால் நூறாண்டுக்கு முந்தைய அச்சில் உள்ள பழைய ணை, லை வடிவங்களில் தடுமாறும். அதை வரி வரியாகத் திருத்தித்தான் ஆக வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

உரை கைக்கு வந்ததும் வாக்கியங்களாக வெட்ட வேண்டும். புள்ளி வந்த இடத்தில் வெட்டு என்று நிரலுக்குச் சொன்னால் ‘ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து இதழ் நடத்தினார்’ என்பது இரண்டு வாக்கியமாகிவிடும்: ‘ஜி.’ என்று ஒன்று, மீதி இன்னொன்று. ‘கி.மீ.’, ‘கி.பி.’, ‘எம். ஜி. கே. மேனன்’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். புள்ளிக்கு முன்னால் உள்ள துண்டில் ஓரிரு எழுத்துகளே இருந்தால் வெட்டாதே என்று விதி போடுங்கள். சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அடுத்தது எழுத்து. ‘மாரிகுப்பம்’ என்ற சொல்லில் நமக்கு ஆறு எழுத்துகள்: மா, ரி, கு, ப், ப, ம். கணினிக்கோ அது பதினொரு குறியீடு. காலும் கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘ஊரைக் கண்டுபிடி’ என்று விளையாட்டுத் தாள் செய்யும்போது இதைக் கவனிக்காவிட்டால், புள்ளி ஒரு மூலையிலும் துணைக்கால் இன்னொரு மூலையிலும் அனாதையாகக் கிடக்கும். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகம் சொற்களைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். குறுக்கெழுத்தும் சொல்தேடலும் செய்ய அதைப் பயன்படுத்துங்கள்.

‘கோலார்’ என்ற சொல்லும் படுத்தும். கோ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. எல்லா உரையையும் முதலிலேயே என்எஃப்சி என்னும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி பிறக்கும் இடம்

நாம் சரிபார்த்து எழுதிய மூன்று வரிப் பகுதி இது:

‘1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.’

இதிலிருந்து கோடிட்ட இடம் செய்வோம். ‘சுரங்கம்’ என்ற சொல்லை எங்கே கண்டாலும் கோடு போடு என்று நிரலிடம் சொன்னால் மூன்றாம் வாக்கியத்தில் மட்டும் கோடு விழும். இரண்டாம் வாக்கியத்தில் அது ‘சுரங்கத்துக்கு’ என்று உருமாறி நிற்பதால் நிரலுக்குத் தெரியாது. ‘வீடு’ ‘வீட்டில்’ ஆகும், ‘ஆறு’ ‘ஆற்றில்’ ஆகும், ‘ஆழம்’ ‘ஆழத்தில்’ ஆகும். ஆகவே முழுச் சொல்லைத் தேடாமல் ‘சுரங்க’ என்ற தொடக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். உருமாறிய சொல்லை எடுத்துவிட்டு மூலச் சொல்லை அடைப்புக்குள் கொடுங்கள்: ‘சிவசமுத்திரத்திலிருந்து ______ (சுரங்கம்) மின்சாரம் வந்தது.’ பிள்ளை ‘சுரங்கத்துக்கு’ என்று எழுத வேண்டும். தகவல் பாடம் அப்படியே வேற்றுமைப் பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது. பள்ளியில் தமிழ் படிக்காத, வீட்டில் மட்டும் பேசும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பலவுள் தெரிவு வினாவில் தவறான விடைகளையும் யோசித்துப் போடுங்கள். மின்சாரம் வந்த ஆண்டு எது என்று கேட்டு 1892, 1902, 1912, 1922 என்று கொடுப்பது கணினியின் சோம்பேறித்தனம். 1880, 1902, 1965, 2001 என்று கொடுங்கள். நான்குமே ஊரின் ஆண்டுகள். தவறாகத் தேர்ந்த பிள்ளையிடம் ‘1965-ல் வேறென்ன நடந்தது தெரியுமா?’ என்று பேச்சைத் தொடரலாம். ஒரே கட்டுரையில் வரும் எல்லா ஆண்டுகளையும் திரட்டி, அவற்றிலிருந்தே விடைகளை நிரப்பும்படி நிரலை அமைப்பது எளிது.

அந்த 1965 சும்மா போட்ட ஆண்டல்ல. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த ஆண்டு வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடம் கண்டறியப்பட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் பிரெடரிக் ரைன்ஸ் குழுவினரும் இதைக் கண்டார்கள். உலகில் முதன்முதலாகக் கண்டவை இந்த இரண்டும்தான். இங்கே ‘முதல்’ என்ற சொல்லுக்கு இடமுண்டு, ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகள் சாட்சி. வானத்திலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும், அதனால்தான் அவ்வளவு ஆழம் தேவைப்பட்டது என்று எட்டாம் வகுப்பு அறிவியலோடு இதைச் சேருங்கள். பாட்டன் இறங்கிய ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியில் இயற்பியலாளர்களும் இறங்கினார்கள் என்பது எந்தப் பாடப்புத்தகத்தையும்விடப் பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைக்கும்.

செயலியிடம் வேலை வாங்குதல்

செயற்கை நுண்ணறிவுச் செயலியை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் அதன் நினைவிலிருந்து எழுத விடாதீர்கள். சரிபார்த்த உரையை நீங்களே கொடுத்து, இப்படிக் கேளுங்கள்: ‘கீழே உள்ள உரையிலிருந்து மட்டும் பத்துக் கேள்விகள் உருவாக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் விடையைக் கொடு. விடை எந்த வாக்கியத்தில் இருக்கிறதோ அந்த வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே எடுத்துக் கொடு. உரையில் இல்லாததைக் கேட்காதே. அட்டவணையாகக் கொடு.’

வந்த அட்டவணையின் மூன்றாம் பத்தியில் மூல வாக்கியம் இருக்கும். அந்த வாக்கியம் நம் உரையில் அப்படியே இருக்கிறதா என்று ஒரு சிறு நிரலால் தேடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்வியை இரக்கமில்லாமல் தூக்கிவிடுங்கள். இந்த ஒரு சோதனையிலேயே கட்டுக்கதைகளில் பெரும்பங்கு உதிர்ந்துவிடும். எஞ்சியதில் மூல வாக்கியம் சரியாக இருந்தும் விடை பொருந்தாத கேள்விகள் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை மனிதர்தான் பிடிக்க வேண்டும். உரையைத் தேர்ந்தெடுத்தவர் அல்லாத இன்னொருவர் படித்துப் பார்ப்பது நல்லது. சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஆங்கில உரையைக் கணினியை வைத்துத் தமிழாக்கும்போது ஊர்ச் சொற்களின் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஷாஃப்டை ‘தண்டு’ என்றும், சாம்பியன் ரீஃபைக் கடலிலுள்ள பவளப்பாறை என்றும் கணினி எழுதக்கூடும். ஷாஃப்ட், லைன், ஷிப்ட் என்று ஊர் எப்படிச் சொல்கிறதோ அப்படியே இருக்கட்டும். அந்தப் பட்டியலை வகுப்புப் பிள்ளைகளே வீட்டில் கேட்டுத் திரட்டினால் அதுவே ஒரு பாடம்.

இணையத்தில் இல்லாததற்கும் தாளில் இடம் வையுங்கள். சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. ஷிப்டுக்கு இறங்கும் முன் தாத்தா என்ன சாப்பிட்டார், சுரங்கம் மூடிய பிறகு வீட்டுச் செலவை யார் பார்த்தார்கள் என்பது எங்கும் இல்லை. ஒவ்வொரு தாளின் கடைசியிலும் ‘வீட்டில் கேட்டு எழுது’ என்று ஐந்து வெற்று வரிகளை நிரல் தானாகவே சேர்க்கட்டும். விபத்திலோ, நுரையீரலில் கல்தூசி படிந்த நோயிலோ ஆளை இழந்த வீடுகள் உண்டு என்பதை மறக்காதீர்கள். கேட்கலாமா என்று முதலில் கேட்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அந்தப் பதில்களை அனுமதியின்றி வெளியே பகிரக் கூடாது.

அச்சும் ஒலியும்

கேள்வி அட்டவணை தயாரானால் லிப்ரே ஆபிஸின் மெயில் மெர்ஜ் வசதியால் வகுப்புக்கு ஒரு தாள் வீதம் பிரித்தெடுக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கு 16 புள்ளி அளவுக்குக் குறைய வேண்டாம், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். அதே அட்டவணையை அன்கி செயலியில் ஏற்றினால் நினைவட்டைகளாகிவிடும். பிள்ளை தவறவிட்ட கேள்வியை அது விரைவிலேயே தானாகத் திரும்பக் கேட்கும்.

ஒலிப்பாடம் பெரியவர்களுக்கு. பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பெற்றோர் இருட்டோடு கிளம்பி இருட்டியபின் திரும்புகிறார்கள். பிள்ளை இன்று படித்ததை வண்டியில் உட்கார்ந்து கேட்க வாட்ஸப்பில் மூன்று நிமிட ஒலிக்கோப்பு போதும். எழுத்தைப் பேச்சாக்கும் செயலியிடம் கொடுக்குமுன் ‘கி.மீ.’ என்பதைக் ‘கிலோமீட்டர்’ என்றும், ‘1902-ல்’ என்பதை ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டில்’ என்றும் விரித்து எழுதுங்கள். சுருக்கங்களிலும் எண்ணோடு ஒட்டிய உருபிலும்தான் அது தடுக்கி விழும். வகுப்புப் பிள்ளை ஒருவரே வாசித்துப் பதிவு செய்ய முன்வந்தால் செயலியை விட்டுவிடுங்கள்.

தாளின் அடியில் மூலம், தயாரித்த தேதி, சரிபார்த்தவர் என்று மூன்று விவரங்கள் கட்டாயம் இருக்கட்டும். ஓராண்டு கழித்துத் தவறு தெரியவந்தால் எந்தத் தாளைத் திருத்துவது என்று அப்போதுதான் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். பாடம் தயாரிக்கும்போது நீங்கள் சரிபார்த்த ஆண்டையும் தூரத்தையும் சான்றோடு தமிழ் விக்கிப்பீடியாவில் சேருங்கள். தவறான வரியைக் கண்டால் திருத்துங்கள். மாரிகுப்பம் ரயில் நிலையத்தையும், தூரத்தில் தெரியும் ஷாஃப்டின் இரும்புச் சட்டத்தையும் சாலையில் நின்றே படம் எடுத்து விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். கைவிடப்பட்ட சுரங்கப் பகுதிக்குள் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். இந்த வேலையை இந்த வாரமே ஒரே ஒரு கட்டுரையில் தொடங்குங்கள்.